ஆண்டர்சன் தெருவில் வாங்கிய தினசரி காலண்டர்: சிவப்புத் தாள் யாருக்கு விடுமுறை?

இந்த மதிப்புரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், 2025 ஆம் ஆண்டுக்கெனச் சிவகாசியில் அச்சான நடுத்தர அளவுத் தினசரி காலண்டர் ஒன்று. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், திருமண அழைப்பிதழ்களும் டைரிகளும் விற்கும் கடைகளுள் ஒன்றில் அதை 90 ரூபாய்க்கு வாங்கினேன். தண்டையார்பேட்டையில் நான் சம்பளக் கணக்கு எழுதும் ஒரு சிறிய லேத் பட்டறையின் உள்சுவரில் அது ஆண்டு முழுவதும் தொங்கியது. இப்போது டிசம்பர் மாதத்தின் கடைசித் தாள்களே மிச்சம் இருக்கின்றன. அச்சிட்ட நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை சந்தையில் உள்ள ஏறக்குறைய எல்லாத் தினசரி காலண்டர்களிலும் இருப்பதால், அதை ஒரே நிறுவனத்தின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

காலண்டர் என்ற அளவில் இது நல்ல பொருள். அட்டை தடிமனாக இருக்கிறது. அதில் உள்ள ஆறுமுகன் படத்தின் வண்ணம், கடற்காற்றும் பட்டறைத் தூசியும் ஓயாமல் படும் சுவரில் ஓராண்டு இருந்தும் வெளுக்கவில்லை. தாள்களைப் பிடித்திருக்கும் தகரப் பட்டை ஓரத்தில் துருவேறியிருக்கிறது, ஆனால் கழன்று விழவில்லை. எண்ணெய் படிந்த கையால் இழுத்தாலும் தாள் பாதியில் கிழியாமல் முழுதாக வருகிறது. தேதி எண் பெரிதாக இருப்பதால் கடைசி இயந்திரத்தின் அருகே நிற்பவருக்கும் தெளிவாகத் தெரிகிறது. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், திதி, நட்சத்திரம், சந்திராஷ்டமம் ஆகியவை எப்போதும்போல் கீழ்ப்பாதியில் உள்ளன. எழுத்து சற்றுப் பொடியென்றாலும் படிக்க முடிகிறது. தாளின் பின்புறத்தில் உள்ள வீட்டு வைத்தியக் குறிப்புகளைப் பற்றிச் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

தேதிகளிலும் பிழை காணவில்லை. குரோதி ஆண்டு முடிந்து விசுவாவசு பிறந்த சித்திரை முதல் நாள் சரியாக ஏப்ரல் 14 இல் வந்தது. பிறை தென்படுவதைப் பொறுத்து மாறக்கூடிய ரம்ஜானை மார்ச் 31 என்று முன்கூட்டியே அச்சிட்டிருந்தார்கள். தலைமை காஜியின் அறிவிப்பும் அதே நாளில் அமைந்தது. பிறையைப் பொறுத்துத் தேதி மாறலாம் என்ற குறிப்பும் அந்தத் தாளில் இருந்ததை, பல சமயத்தார் ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் நான் பாராட்டுகிறேன்.

இந்தக் காலண்டர் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும் இடம் சிவப்பு மைதான். கறுப்பில் அச்சான எண் வேலை நாள் என்றும் சிவப்பில் அச்சான எண் விடுமுறை என்றும் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். ஆனால் சிவப்பைப் பார்த்ததும் எங்கள் பட்டறையில் வரும் கேள்வி வேறு. "சிவப்புல போட்டிருக்கே சார், எங்களுக்கும் லீவு உண்டா? கூலி உண்டா?" என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் பல ஆண்டுகளாக இருக்கும் மிஷின்காரர் வரை என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் காலண்டரின் எந்த மூலையிலும் விடை இல்லை. நாள் பார்க்க வாங்கும் பொருளில் சட்டம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சிவப்பு மையைப் பயன்படுத்துவதே ஒரு சட்டத்தின் பேரில்தான் என்பதால் இந்தக் கேள்வியை எழுப்புவது பொருத்தம் என்றே நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் 'அரசு விடுமுறை நாள்கள்' என்ற தலைப்பில் ஒரு பட்டியல் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2025 ஆம் ஆண்டுக்கு அறிவித்த 24 நாள்களும் அதில் உள்ளன. பட்டறைக் கண்ணோடு அதைப் பார்த்தால் முதல் பார்வையிலேயே எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது. குடியரசு நாள், தெலுங்கு வருடப் பிறப்பு, மொகரம் ஆகிய மூன்றும் இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தன. விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் அக்டோபர் 2 என்ற ஒரே நாளில் வந்தன. ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். அது வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் மட்டுமே உரியது. ஆனாலும் அந்த எண்ணும் மற்றவற்றைப் போலவே சிவப்பில் அச்சாகியிருந்தது. அன்று காலை பட்டறைக்கு வராமல் இருந்துவிட்ட ஒருவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. பட்டியலில் அந்த வரியின் பக்கத்தில் 'வங்கிகளுக்கு மட்டும்' என்று இருக்கிறது, தினத்தாளில் இல்லை. கடைசிப் பக்கத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது அச்சிடுவோர் அறியாதது அல்ல.

இந்த 24 நாள்களும் எந்தச் சட்டத்தின் கீழ் விடுமுறையாகின்றன என்று பார்த்தால், வங்கிகளுக்கு மட்டுமான நாள் பொங்கலோடும் தீபாவளியோடும் ஒரே பட்டியலில் ஏன் நிற்கிறது என்பது விளங்கும். அது 1881 ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம். காசோலை, பணம் தரச் சொல்லி வணிகர் எழுதும் உண்டியல் சீட்டு, கடன் உறுதிச் சீட்டு ஆகியவற்றுக்கான சட்டம் அது. ஒரு சீட்டுக்குப் பணம் தரவேண்டிய நாளில் வங்கி மூடியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அதன் 25 ஆவது பிரிவு விடை சொல்கிறது: தவணை நாள் பொது விடுமுறையில் வந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே தவணை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். அதற்காக, எந்தெந்த நாள்கள் பொது விடுமுறை என்று வரையறுக்க வேண்டியிருந்தது. ஆங்கிலேயர் எழுதிய முதல் வாசகத்தில் ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் ஆகிய நாள்கள் நேரடியாகவே குறிப்பிடப்பட்டிருந்தன. மற்ற நாள்களை அரசு அறிவித்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. பொங்கலும் தீபாவளியும் ரம்ஜானும் இந்தச் சட்டத்துக்குள் நுழைந்தது அந்த அறிவிப்பு என்ற வாசல் வழியாகத்தான்.

அந்தச் சட்டத்துக்குப் பத்தாண்டுகள் முன்பு, 1871 இல், இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த ஜான் லப்பக் ஒரு வங்கியாளர். பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு காலத்தில் புனிதர்களின் நாள்கள் உட்பட ஆண்டுக்கு ஏறத்தாழ 33 நாள்கள் மூடியிருந்ததும், 1834 இல் அவை நான்காகக் குறைக்கப்பட்டதும் அங்குள்ள வரலாறு. லப்பக்கின் சட்டம் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள், ஆகஸ்ட் முதல் திங்கள் போன்ற நாள்களில் வங்கிகள் மூடியிருக்க இடம் கொடுத்தது. வங்கி மூடினால் வணிகம் நிற்கும், வணிகம் நின்றால் கடைக்காரரும் குமாஸ்தாவும் வீட்டில் இருக்கலாம் என்ற வழியில்தான் அந்த ஓய்வு மக்களுக்கு எட்டியது. சென்னையில் ஜார்ஜ் டவுனின் வங்கிகளும் ஏலக் கம்பெனிகளும் மூடியபோது அவற்றின் எழுத்தர்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு அதே நாளில் என்ன கிடைத்தது என்பதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு சொல் கிடையாது.

இதை நம் ஊர்ச் செய்தித்தாள்களை வாசிப்பவர்கள் வேறொரு வடிவில் அறிவார்கள். ஒரு கோயில் தேருக்கோ கும்பாபிஷேகத்துக்கோ மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போது, "இவ்விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது" என்ற வரி தவறாமல் இருக்கும். பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடியிருக்க, கருவூலம் குறைந்த ஆள்களோடு திறந்திருக்க வேண்டும் என்பதும், பின்னொரு சனிக்கிழமை ஈடாக வேலை நாளாகும் என்பதும் அதே அறிவிப்பில் வரும். அந்த ஒரு வரியே விடுமுறையின் மூலம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. ஆகவே காலண்டரின் சிவப்பு எண், அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் வங்கிக்காரருக்கும் உறுதியான வாக்கு. தனியார் பட்டறையில், கடையில், கிடங்கில் வேலை செய்பவருக்கு அது வாக்கு அன்று.

இவர்களுக்கென்று தனியே ஒரு சட்டம் இருக்கிறது என்பதும், அது காலண்டரில் எங்கும் இடம்பெறவில்லை என்பதும்தான் என் முக்கியமான குறை. 1958 ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், தொழிற்சாலைகள், கடைகள், உணவகங்கள் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்பது நாள்களைக் கூலியோடு கூடிய விடுமுறையாகத் தருகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. மற்ற ஐந்து பண்டிகை நாள்கள் எவை என்பதை, முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டு, இதற்கென உள்ள அரசு ஆய்வாளர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குறித்துக் கொடுப்பார். அந்த நாளில் வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைக் கூலி தரவேண்டும். இல்லையென்றால் அன்றைய கூலியோடு, மாற்றாக வேறொரு நாளைக் கூலியுடன் விடுமுறையாகத் தரவேண்டும்.

எழுபது ஆண்டுகளை நெருங்கும் இந்தச் சட்டத்தை, அதனால் பயன்பெற வேண்டியவர்களுள் மிகப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் பட்டறையில் ஒன்பது நாள்களுக்கும் கூலி போடுகிறோம். அதே தெருவில், மே முதல் நாளன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இயந்திரம் ஓட்டி, ஒற்றைக் கூலி மட்டும் கொடுக்கும் இடங்களும் உள்ளன. அங்கே வேலை செய்பவர்களிடம் பேசியிருக்கிறேன். இரட்டைக் கூலி சலுகை அன்று, சட்டப்படி உரியது என்று சொன்னால், அது அரசாங்க ஆள்களுக்கு மட்டும்தானே சார் என்கிறார்கள். அவர்கள் அப்படி நினைப்பதில் காலண்டருக்கும் பங்கு உண்டு. 'அரசு விடுமுறை' என்ற தலைப்பின் கீழே 24 நாள்களையும் ஒரே நிறத்தில் அடுக்கிவிட்டால், அவற்றுள் தனக்கு உரிய நான்கு நாள்கள் எவை என்பது தொழிலாளிக்கு எப்படித் தெரியும்?

அந்த ஐந்து பண்டிகை நாள்களைத் தேர்ந்தெடுப்பது எளிய வேலையாக இருக்காது என்பதை வடசென்னையில் கணக்கு எழுதிய எவரும் சொல்வார்கள். ஒரே கூரையின் கீழ் ராயபுரத்துக் கிறிஸ்தவரும், மண்ணடியிலிருந்து வரும் இஸ்லாமியரும், வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வரும் மற்றவர்களும் இருக்கிறார்கள். பொங்கலையும் தீபாவளியையும் பற்றி யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆயுத பூஜையைச் சேர்க்க வேண்டுமா என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் பேச்சு நீளும். அரசு அலுவலகத்துக்கு அது விடுமுறை. பட்டறைக்கோ அது ஆள்கள் கட்டாயம் வரும் நாள். இயந்திரத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பிரித்துக் கொடுத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து முடிக்கும்போது மதியம் ஆகிவிடும். அதை ஓய்வு நாளாக எழுதினால் தொழிலாளிக்குப் பண்டிகை உண்டு, ஓய்வு இல்லை. ஆயுத பூஜையை விட்டுவிட்டு ரம்ஜானையும் கிறிஸ்துமஸையும் சேர்த்துக்கொண்டு, ஐந்தாவதாகத் தமிழ்ப் புத்தாண்டை வைத்துக்கொண்டோம். அம்பேத்கர் பிறந்த நாளும் அதுவே என்பதால் அந்தத் தேர்வில் எல்லோருக்கும் நிறைவு இருந்தது.

இங்கே சித்திரை முதல் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தைத் திங்கள் முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008 இல் சட்டம் வந்தது; 2011 இல் அது திரும்பப் பெறப்பட்டு மீண்டும் சித்திரைக்கு மாறியது. அரசு மாறியபோது காலண்டர் தாளின் தலைப்பும் மாறியது. 2021 ஜனவரியில் தைப்பூசம் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டபோது அந்த ஆண்டின் காலண்டர்கள் எல்லாம் அச்சாகி வீடுகளில் தொங்கிக்கொண்டிருந்தன; ஆகவே முதல் தைப்பூச விடுமுறை கறுப்பு எண்ணாகவே கழிந்தது. இதில் அச்சிடுவோரைக் குறை சொல்ல முடியாது. சிவகாசியில் மறு ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப் பெருக்கன்று வெளியிட்டுவிடுகிறார்கள். அரசின் விடுமுறைப் பட்டியலோ ஆண்டின் இறுதி மாதங்களில்தான் வருகிறது. இடையில் உள்ள மாதங்களில் அச்சுக்குப் போகும் தாள்கள் பழைய பட்டியலையும் பஞ்சாங்கத்தையும் நம்பித்தான் போக வேண்டும். இந்த 2025 ஜனவரியில் பொங்கலை ஒட்டி 17 ஆம் தேதி வெள்ளிக்கிழமையும் விடுமுறை என்றும், அதற்கு ஈடாக 25 ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் என்றும் அரசு அறிவித்தது; அதையும் எந்தக் காலண்டரும் முன்பே அறிந்திருக்க முடியாது. தொடர் விடுமுறையில் ஊருக்குப் போய்வர அந்தக் கூடுதல் நாள் மிகவும் உதவியது என்று அரசுப் பணியில் இருக்கும் உறவினர்கள் சொன்னார்கள். எங்கள் பட்டறை அன்று திறந்திருந்தது.

மே முதல் நாள் தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. காலண்டரில் அன்று 'மே தினம்' என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கிறது. 1886 இல் சிகாகோவில் எட்டு மணி நேர வேலைக்காக நடந்த போராட்டத்தின் நினைவாக அந்த நாள் வந்தது என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. இந்தியாவில் முதன்முதலாக அந்த நாளைக் கொண்டாடியவர், மீனவக் குடும்பத்தில் பிறந்த ம. சிங்காரவேலர். 1923 மே முதல் நாளில் சென்னையில் அவர் நடத்திய இரண்டு கூட்டங்களுள் ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையிலும், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் நடந்தன. அந்த நாளைத் தொழிலாளர்களுக்கு விடுமுறையாக்க வேண்டும் என்பது அன்றைய கோரிக்கை. நான் இந்தக் காலண்டரை வாங்கிய ஆண்டர்சன் தெருவிலிருந்து உயர் நீதிமன்றம் நடந்துபோகும் தூரம். சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ராஜாஜி சாலைக் கட்டடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்றுதான் பெயர்.

அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பு, 1918 ஏப்ரல் 27 இல், பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா அதன் தலைவர். திரு.வி. கலியாணசுந்தரனார் அதன் தூண்களுள் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்று என்ற பெயர் அதற்கு உண்டு. அந்தத் தொழிலாளர்கள் வாடியாவிடம் கொண்டுசென்ற முதல் குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்குக் கிடைக்கும் நேரம் போதவில்லை என்பது. ஒரு முழு நாள் ஓய்வைக் கூலியோடு கேட்பதற்கு முன்னால், சில நிமிடங்களைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டி 1890 இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றதும் இதே வகையான வரலாறு. ஆக, ஒரே சிவப்பு நிறத்தில் அச்சாகும் நாள்களுள் சில வங்கித் தவணைக்காக வந்தவை, சில அரசின் அறிவிப்பால் வந்தவை, சில தொழிலாளர்கள் வேலையை நிறுத்திப் பெற்றவை. காலண்டர் பின்புறத்தில் தினமும் ஒரு பொன்மொழிக்கு இடம் இருக்கும்போது, மே முதல் நாள் தாளின் பின்புறத்தில் சிங்காரவேலரைப் பற்றி நான்கு வரிகள் அச்சிட்டிருக்கலாம். அன்று இந்தக் காலண்டரில் இருந்தது வாழைத்தண்டுச் சாற்றின் பயன்.

சிவப்பு எண்ணுக்குக் கட்டுப்படாத வாழ்க்கை வடசென்னையில் மிக விரிவானது. காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமைதான் மீன் விற்பனை மிகுந்த நாள்; ஊர் முழுவதும் ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் அங்கே ஏலக் குரல் ஓங்கி ஒலிக்கும். அங்குள்ள விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு ஆண்டின் மிக நீண்ட வேலையற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள்களாக இருந்தது 2017 இல் 61 ஆனது. அரசு நிவாரணம் தருகிறது என்றாலும் அது கூலிக்கு ஈடாகாது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஆண்டையே இரண்டாகப் பிரிக்கும் அந்த நாள்களுக்கு, அதே பகுதியில் விற்கப்படும் காலண்டரில் ஒரு சிறு குறியும் இல்லை. கரி நாளும் கீழ்நோக்கு நாளும் தவறாமல் இருக்கின்றன. அவை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தடைக்காலத்தின் தொடக்கமும் முடிவும் அதே தாளில் ஒரு வரி பெறத் தகுதியானவை என்கிறேன்.

மணலியின் சுத்திகரிப்பு ஆலையும், அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையமும், மாதவரத்துப் பால் பண்ணையும் எந்த நாளிலும் நிற்பதில்லை. அங்கே நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு விடுமுறை நாள் வேலைக்கு ஈடு கிடைக்கிறது; ஒப்பந்தத்தில் இருப்பவரின் நிலை அவருடைய ஒப்பந்தக்காரரைப் பொறுத்தது. தீபாவளிக்கு மறுநாள் விடிவதற்குள் தெருவெங்கும் கிடக்கும் பட்டாசுக் குப்பையைப் பெருக்கி எடுப்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள். இந்த ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து அவர்கள் ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள்கள் அமர்ந்திருந்தார்கள். 13 ஆம் தேதி இரவில் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். சுதந்திர நாளின் சிவப்புத் தாள் அதற்கடுத்து வந்தது. தொழிற்சங்கத்தை வளர்த்த திரு.வி.க.வின் பெயரைத் தாங்கிய மண்டலத்தில், வேலை நிலைக்குமா என்ற கவலையோடு அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்தவர்களை நான் நினைத்துக்கொண்டேன்.

நாள் கூலிக்காரருக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் அன்றைய வருமானம் இல்லை என்றே பொருள். அதனால்தான் தொடர் விடுமுறை வந்தால் பூக்கடைப் பகுதியில் வண்டி இழுப்பவரும் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளும் மகிழ்ச்சி அடைவதில்லை. இந்த நிலையை நேராகப் பார்த்து எழுதப்பட்ட ஒரு சட்டப் பிரிவையும் இங்கே சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி, வாக்குப்பதிவு நாளில் வாக்குரிமை உள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் விடுமுறை தரவேண்டும். அதற்காகக் கூலியைப் பிடிக்கக் கூடாது. வேலை செய்யாத நாளுக்கு வழக்கமாகக் கூலி பெறாதவராக இருந்தாலும் அன்றைய கூலியைத் தரவேண்டும். நாள் கூலிக்காரர் என்ன இழப்பார் என்பதைச் சரியாக உணர்ந்து எழுதிய வரி அது. 1881 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதை அருகில் வைத்துப் படித்தால், விடுமுறை என்பதை யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்ற வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

இனி, இந்தக் காலண்டரை வாங்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வீட்டுக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம். 90 ரூபாய்க்கு அட்டையும் தாளும் அச்சும் நிறைவாக உள்ளன, பஞ்சாங்கச் செய்திகளில் பிழை இல்லை. பட்டறைக்கும் கடைக்கும் என்றால் பாதி மதிப்பெண்தான் தருவேன். அச்சிடுவோர் மூன்று மாற்றங்களைச் செய்தால் இந்தப் பொருள் உழைப்பவருக்கும் உரியதாகிவிடும். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்கு பொது நாள்களைச் சிவப்பிலேயே ஒரு கட்டத்துக்குள் அச்சிட்டு, 'கூலியுடன் விடுமுறை. வேலை செய்தால் இரட்டைக் கூலி அல்லது மாற்று விடுமுறை' என்று தாளிலேயே எழுதலாம். ஐந்து பண்டிகை நாள்கள் இடத்துக்கு இடம் மாறுபவை என்பதால், அட்டையின் அடியில் கடைப் பெயர் அச்சிடும் பகுதிக்கு மேலே ஐந்து வெற்றுக் கட்டங்கள் விடலாம். முதலாளியும் தொழிலாளரும் பேசி முடித்த நாள்களை அதில் எழுதிக்கொள்வார்கள், எல்லோர் கண்ணிலும் படும். வங்கிகளுக்கு மட்டுமான ஏப்ரல் 1 ஐ வேறு நிறத்தில் அச்சிடலாம். இவற்றால் தாளின் செலவு கூடாது.

அச்சிடுவோர் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. எங்கள் பட்டறையில் ஒன்பது நாள்களையும் நானே தடித்த மையால் வட்டமிட்டு, ஐந்து பண்டிகைகளின் பெயரை அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்தேன். கூலி பற்றிய கேள்விகள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்தன. 2026 ஆம் ஆண்டுக் காலண்டர் இப்போது அதே தெருவில் கிடைக்கிறது. அதை வாங்குபவர்கள் ஐந்து நாள்களைப் பேசி முடிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரும் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வார ஓய்வாக உள்ள பட்டறையில் அதை ஐந்துள் ஒன்றாக எழுதிவிட்டால் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி குறைந்துபோகும். ஆய்வாளருக்குப் பட்டியல் போவதற்கு முன்பே அதற்குப் பதிலாக 9 ஆம் தேதி திங்கட்கிழமையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. எங்கள் முதலாளியிடம் அதைப் பேசியாயிற்று, அவரும் ஒப்புக்கொண்டார்.